30 ஆண்டுக் குத்தகையில் கடற்கரை வில்லா: புக்கெட் திட்டம் ஒன்றின் மதிப்பாய்வு

தாய்லாந்தின் புக்கெட் தீவில், மேற்குக் கடற்கரையை ஒட்டிய குத்தகை நிலத்தில் வில்லா கட்டித் தரும் திட்டம் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பாய்வு. சிங்கப்பூரில் பணி ஓய்வு பெறவிருக்கும் என் அக்காவும் அத்தானும் கேட்டுக்கொண்டதால், விளம்பரக் கையேடு முதல் ஒப்பந்த வரைவு வரை அனைத்தையும் படித்தேன். இடத்தை நேரில் பார்த்தேன். விற்பனையாளரோடு எந்தத் தொடர்பும் இல்லாத தாய்லாந்து வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் செலுத்திக் கருத்தும் பெற்றேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வெளிநாட்டவருக்குக் கடற்கரை வீடு விற்கும் இந்த வணிக முறையிலேயே அவை அடங்கியிருக்கின்றன. எனவே இதே வகைத் திட்டத்தை வேறு எவரிடம் வாங்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. மாதிரி வில்லாவின் கட்டுமானம் நேர்த்தியாக இருக்கிறது. உப்புக் காற்றைத் தாங்கும் வகையில் சன்னல் சட்டங்களும் கைப்பிடிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அடிக்கும் கரை என்பதை உணர்ந்து கூரையின் முன்னிறக்கத்தை நீட்டியிருக்கிறார்கள். வயதானவர்கள் நடமாட ஏற்றபடி தரைத்தளத்திலேயே படுக்கையறை இருக்கிறது. கட்டியவர்களுக்குத் தொழில் தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாங்குபவர் பணம் கொடுப்பது வீட்டுக்கு மட்டும் அல்ல. வீடு நிற்கும் நிலத்தில் எத்தனை ஆண்டு, எந்த உரிமையோடு இருக்கலாம் என்பதற்கும் சேர்த்தே கொடுக்கிறார். அந்தப் பகுதிதான் இந்தத் திட்டத்தில் மிகவும் பலவீனமானது.

தாய்லாந்தின் 1954-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, வெளிநாட்டவர் நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் 49 விழுக்காடு பரப்பு வரை வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கலாம். தனி வீட்டுக்கு அந்த வழி இல்லை. ஆகவே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதன் மேல் வீடு கட்டிக்கொள்வது வழக்கமாகியிருக்கிறது. குத்தகையின் எல்லையை அந்நாட்டின் குடிமை, வணிகச் சட்டத் தொகுப்பின் 540-ஆம் பிரிவு வகுக்கிறது: அசையாச் சொத்தின் குத்தகை 30 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் எழுதினால் அது 30 ஆண்டாகக் குறைக்கப்படும், புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பிக்கும் நாளிலிருந்து மீண்டும் 30 ஆண்டுக்கு மிகக் கூடாது. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருப்பதோடு நில அலுவலகத்தில் பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவில்லாவிட்டால் 3 ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்று 538-ஆம் பிரிவு கூறுகிறது.

இப்போது கையேட்டைப் பாருங்கள். அதன் முகப்பில் பெரிய எழுத்தில் '30+30+30' என்றும், அதன் கீழே '90 ஆண்டு நிம்மதி' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். நில அலுவலகத்தில் பதிவாவது இந்த மூன்றில் முதல் முப்பது மட்டுமே. மற்ற இரண்டும் நில உரிமையாளர் தனிப்பட்ட முறையில் தரும் வாக்குறுதிகள். குத்தகைக் காலத்தில் நிலம் கைமாறினாலும், பதிவு செய்த குத்தகையைப் புதிய உரிமையாளர் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். 569-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. புதுப்பித்துத் தருவேன் என்ற வாக்குறுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. அது வாக்குறுதி தந்தவரை மட்டும் கட்டுப்படுத்தும் என்பதே நீதிமன்றங்கள் தொடர்ந்து எடுத்துவரும் நிலை. 30 ஆண்டு கழித்து அந்த உரிமையாளர் உயிரோடு இருப்பாரா, நிலம் அப்போதும் அவரிடம் இருக்குமா, நிறுவனம் என்றால் அது கலைக்கப்படாமல் இருக்குமா என்ற கேள்விகளுக்கு எந்தப் பத்திரமும் பதில் சொல்லாது. மூன்று காலத்துக்கும் உரிய தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரே நாளில் மூன்று ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் முறையை எங்கள் வழக்கறிஞர் இன்னும் கடுமையாக எச்சரித்தார்: 30 ஆண்டு வரம்பை ஏய்க்கும் முயற்சியாக நீதிமன்றம் அதைக் கருதினால், பின்னிரண்டு ஒப்பந்தங்களுக்கும் கொடுத்த பணத்துக்குப் பிடிமானம் இருக்காது என்றார். திட்டத்தின் ஒப்பந்த வரைவு இதே முறையில்தான் எழுதப்பட்டிருந்தது.

விற்பனைப் பிரதிநிதியிடம் இதைக் கேட்டபோது, 99 ஆண்டுக் குத்தகைச் சட்டம் வரப்போகிறது என்று பதில் வந்தது. 2024-இல் அப்போதைய தாய்லாந்து அரசு, குத்தகையை 99 ஆண்டாக உயர்த்துவதையும் அடுக்குமாடிகளில் வெளிநாட்டவர் பங்கை 75 விழுக்காடாக்குவதையும் ஆராயுமாறு உள்துறை அமைச்சகத்தைக் கேட்டுக்கொண்டது உண்மைதான். ஓர் அரசு ஆராயச் சொன்ன ஒன்றை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்குமாறு ஒரு முதிய தம்பதியிடம் சொல்வது முறையல்ல என்றே கருதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட நெருக்கமான இன்னொரு சிக்கல் உண்டு. குத்தகை என்பது குத்தகைதாரரின் தனிப்பட்ட உரிமை. அவர் இறந்தால் அது முடிவுக்கு வரும் என்பதே தாய்லாந்து நீதிமன்றங்களின் நிலைத்த பார்வை. வாரிசுகளுக்குத் தொடரும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால்தான் பிள்ளைகள் வாதாடவாவது இடம் கிடைக்கும். அத்தானுக்கு 61 வயது. வரைவில் குத்தகைதாரராக அவர் பெயர் மட்டுமே இருந்தது. வாரிசுப் பிரிவு இல்லை. அதாவது அவர் காலத்துக்குப் பின் அக்காவுக்கு அந்த வீட்டில் இருக்க உறுதியான உரிமை எதுவும் இருந்திருக்காது. கணவன், மனைவி இருவர் பெயரையும் கூட்டுக் குத்தகைதாரராகப் பதிவு செய்வதும் வாரிசுப் பிரிவைச் சேர்ப்பதும் எளிய திருத்தங்கள். நாங்கள் கேட்டவுடன் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். கேட்காமல் கையெழுத்திட்ட மற்ற குடும்பங்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

அடுத்து நிலத்தின் பத்திரம். நம் ஊரில் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பது போல அங்கே முதலில் பார்க்க வேண்டியது 'சனோட்' எனப்படும் முழு உரிமைப் பத்திரம். எல்லைகள் துல்லியமாக அளக்கப்பட்டு, நில அலுவலகத்தில் பதிவாகி இருப்பது அதுதான். அதற்குக் கீழே 'நோர் சோர் 3 கோர்', 'நோர் சோர் 3' என்ற தரங்களும், நிலம் ஒருவர் பயன்பாட்டில் (அனுபவத்தில்) இருப்பதை மட்டும் அறிவிக்கும் 'சோர் கோர் 1' போன்றவையும் உள்ளன. கீழே இறங்க இறங்க எல்லைத் தகராறுக்கும் போலிக் கோரிக்கைக்கும் வாய்ப்பு கூடுகிறது. விவசாயச் சீர்திருத்த நிலமான 'சோர் போர் கோர்' வகையில் வில்லா கட்டவே கூடாது. சனோட்டின் பின்பக்கத்தில் அடமானம், குத்தகை, விற்பனை எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருக்கும். ஆகவே முன்பக்க நகலோடு நிற்காமல், அண்மையில் எடுத்த பின்பக்க நகலையும் கேட்டுப் பெற வேண்டும். வழக்கறிஞர் நில அலுவலகத்துக்கே போய் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

சனோட் இருந்தால் மட்டும் கடற்கரையில் எல்லாம் தீர்ந்துவிடாது. தாய்லாந்தில் கடற்கரை மணல் பொதுமக்களின் பயன்பாட்டுக்குரிய அரசுச் சொத்து என்று அதே குடிமை, வணிகச் சட்டத் தொகுப்பின் 1304-ஆம் பிரிவு சொல்கிறது. கையேட்டில் 'தனிக் கடற்கரை' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. 2024-இல் புக்கெட்டின் யாமு முனையில் ஒரு வில்லாவின் முன்னிருந்த படிக்கட்டைச் சுற்றி எழுந்த தகராறு தாய்லாந்து முழுவதும் பேசப்பட்டது. உள்ளூர் மக்கள் திரண்டு போராடினார்கள். அளந்து பார்த்ததில் படிக்கட்டு பொது நிலத்தில் கட்டப்பட்டிருந்தது தெரியவந்து, அது இடிக்கப்பட்டது. நாங்கள் பார்த்த திட்டத்திலும் வில்லாவிலிருந்து மணலுக்கு இறங்கும் படிகள் வரைபடத்தில் இருந்தன. அவை பத்திர எல்லைக்குள் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கவில்லை.

தீவின் தெற்கே ராவாயில் நடப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடலோடிகளான ஊராக் லவோய் மக்கள் தலைமுறைகளாக வாழும் கரை அது. அந்த நிலத்துக்கு மற்றவர்கள் உரிமைப் பத்திரம் வைத்திருப்பதால் வெளியேற்ற வழக்குகள் நடந்தன. 1959-இல் மன்னர் பூமிபோன் அவர்களுடைய குடியிருப்புக்கு வந்தபோது எடுத்த படங்கள், பழைய தென்னைகள், மூதாதையர் எலும்புகள் ஆகியவற்றைக் கொண்டு தங்கள் வாழ்வுரிமையை நிறுவ வேண்டிய நிலைக்கு அம்மக்கள் தள்ளப்பட்டார்கள். 2016 சனவரியில் அங்கே மோதல் வெடித்துப் பலர் காயமடைந்தனர். கடற்கரையில் ஒரு நிலம் காலியாகத் தெரிகிறது என்பதற்காக அங்கே முன்பு எவரும் இல்லை என்று கொள்ளக் கூடாது. பத்திரம் எந்த ஆண்டில், எந்த அனுபவத்தின் அடிப்படையில் வழங்கப்பட்டது என்று விசாரிப்பது வாங்குபவரின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, அங்கே வாழ்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயமும் ஆகும்.

நில உரிமையாளரின் உரிமையே செல்லாது என்று பின்னால் தீர்ப்பு வந்தால் குத்தகைதாரருக்கு என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவில் நடந்த ஒரு நிகழ்வு தெளிவான சான்று. பாஹா கலிஃபோர்னியாவில் என்செனாடா நகருக்குத் தெற்கே புன்டா பாண்டா என்ற கடற்கரையில், 'எஹீடோ' என்னும் கிராமக் கூட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அமெரிக்க ஓய்வூதியர் பலர் வீடு கட்டினார்கள். கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நிலத்தை நேரடியாகச் சொந்தமாக்க முடியாது என்று மெக்சிகோவின் அரசியலமைப்பு 27-ஆம் உறுப்பு சொல்வதால், பலருக்குக் குத்தகை மலிவான வழியாகத் தோன்றியது. அந்த நிலத்தைக் கிராமக் கூட்டுக்கு அரசு வழங்கியதே தவறு, அது முந்தைய தனியாருக்குரியது என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2000 அக்டோபர் இறுதியில் அதிகாரிகள் வந்து வெளியேற்றத்தைத் தொடங்கினார்கள். குத்தகைப் பணம் ஒழுங்காகக் கட்டியிருந்தும், வீட்டைத் தம் செலவில் கட்டியிருந்தும், மண் மீது உரிமை இல்லாதவரிடம் குத்தகை எடுத்தவர்களுக்கு அந்தக் கட்டடங்களையும் காப்பாற்ற முடியவில்லை. தாய்லாந்தின் சட்டம் வேறு. ஆனால் குத்தகை கொடுப்பவரின் உரிமையைவிடக் குத்தகைதாரரின் உரிமை பெரிதாக இருக்க முடியாது என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

மீண்டும் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். வெளிநாட்டவர் தாய்லாந்தில் நிலத்தைச் சொந்தமாக்க முடியாதே தவிர, அதன் மேலுள்ள கட்டடத்தைச் சொந்தமாக வைத்திருக்கலாம். அதற்குக் கட்டட அனுமதி அவர் பெயரில் இருக்க வேண்டும்; கட்டுமான ஒப்பந்தமும் பணம் செலுத்திய சான்றுகளும் கையில் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் அனுமதி நிறுவனத்தின் பெயரில் எடுக்கப்பட்டிருந்தது. 30 ஆண்டு முடிந்ததும் வீடு இழப்பீடின்றி நில உரிமையாளருக்குச் சேரும் என்ற வரி, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் இருந்தது. இதற்கு மாற்று வழிகளைச் சட்டமே தருகிறது. 1410-ஆம் பிரிவின் கீழ் வரும் 'சூப்பர்ஃபிசீஸ்' என்ற உரிமையைப் பதிவு செய்தால், பிறர் நிலத்தில் உள்ள கட்டடம் நம்முடையதாகவே இருக்கும். வேறு விதமாக எழுதாத வரை அதை மாற்றவும் மரபுரிமையாக விடவும் முடியும். காலம் முடியும்போது கட்டடத்தை அகற்றிக்கொள்ளலாம். நில உரிமையாளர் சந்தை விலைக்கு வாங்க முன்வந்தால் தக்க காரணமின்றி மறுக்க முடியாது என்று 1416-ஆம் பிரிவு கூறுகிறது. 2019-இல் வந்த 'சப்-இங்-சித்' சட்டம் இன்னும் வலுவானது. சனோட் நிலத்தில் 30 ஆண்டு வரை பதிவு செய்யக்கூடிய அந்த உரிமையை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். சாதாரணக் குத்தகையிலோ 544-ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், உள்குத்தகைக்கும் மாற்றத்துக்கும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

நாங்கள் தயங்குவதைக் கண்டு, தாய்லாந்துப் பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அதன் பெயரில் நிலத்தை வாங்கித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். உண்மையில் முதலீடு செய்யாத உள்ளூர்க்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரராக்குவது சட்டவிரோதம். தண்டனையும் உண்டு, நிலத்தை விற்றுவிடுமாறு உத்தரவும் வரலாம். அதைப் பரிசீலிக்கவே வேண்டாம் என்று வழக்கறிஞர் ஒரே வரியில் எழுதி அனுப்பினார். வீட்டோடு தாய்லாந்தில் தங்கும் உரிமையும் கிடைப்பது போன்ற தோற்றத்தைப் பிரதிநிதி உருவாக்கியதும் சரியல்ல. குத்தகைப் பத்திரம் விசா ஆகாது. 50 வயது கடந்தவர்களுக்கான ஓய்வூதிய விசாவுக்கு, வங்கியில் 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் போன்ற தனி நிபந்தனைகள் உள்ளன. அதை ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். மொத்தம் 1 கோடியே 80 லட்சம் பாட் கேட்டார்கள்: நிலக் குத்தகைக்கு 80 லட்சம், கட்டுமானத்துக்கு 1 கோடி. குத்தகைப் பதிவுக்கு 1 விழுக்காடும் முத்திரை வரி 0.1 விழுக்காடும் சேர்ந்து 88,000 பாட் தனி. கையேடு இதை 90 ஆண்டால் வகுத்து, ஆண்டுக்கு 2 லட்சம் பாட்தான் என்று காட்டுகிறது. உறுதியாகக் கிடைக்கும் 30 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 6 லட்சம், அதாவது மாதம் 50,000 பாட். பணத்தை மொத்தமாக முன்பே கொடுப்பதால் அது ஈட்டியிருக்கக்கூடிய வட்டியையும் இழக்கிறோம். ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று குறைவாகக் கொண்டாலும் முதல் ஆண்டில் மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம் பாட். பராமரிப்புக் கட்டணம் இதில் சேரவில்லை. அதை உயர்த்த ஒப்பந்தத்தில் உச்சவரம்பும் இல்லை. 12 ஆண்டு கழித்து விற்க நினைத்தால், வாங்குபவருக்குக் கிடைப்பது மீதமுள்ள 18 ஆண்டுதான். அதற்கேற்பவே விலை கேட்பார். நிலத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றம் உரிமையாளரையே சேரும். ஆகவே இதை முதலீடு என்று அழைப்பது தவறு. முப்பது ஆண்டு வாடகையை ஒரே தவணையில் கட்டுவது என்று கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் வசிப்பவர்கள், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் என்ற வரம்பையும் கவனிக்க வேண்டும்.

கடலைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்லாததும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இதே மேற்குக் கரையில் பாதோங், கமலா பகுதிகளைத் தாக்கியது. வடக்கே காவ் லாக்கில் பேரழிவு நேர்ந்தது. எங்கள் ஒப்பந்த வரைவில், இயற்கைச் சீற்றத்தில் வீடு அழிந்தால் குத்தகைத் தொகையில் மீதமுள்ள ஆண்டுகளுக்கான பங்கு திரும்பக் கிடைக்குமா, அதே இடத்தில் மீண்டும் கட்ட உரிமை உண்டா என்று எதுவும் இல்லை. கரையோரக் கட்டட விதிகள் காலப்போக்கில் இறுகிவருவதால் இரண்டாவது கேள்வி முக்கியமானது. தாய்லாந்தின் மற்றொரு சுற்றுலாத் தீவான சாமுயில் கரையிலிருந்து முதல் 10 மீட்டரில் கட்டடம் எழுப்பவே முடியாது. 50 மீட்டர் வரை உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய விதியில் எழுந்த வீடு விழுந்தால், புதிய விதியில் அதே அளவில் எழும் என்பதற்கு உறுதியில்லை.

சேவையைப் பொறுத்தவரை, பிரதிநிதிகள் பண்பானவர்கள். அழைத்தால் உடனே பேசினார்கள், இடத்தைப் பொறுமையோடு சுற்றிக் காட்டினார்கள். எழுத்தில் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் தாமதமாகவும் குறையாகவும் வந்தது. தங்கள் வழக்கறிஞரையே இலவசமாகத் தருவதாகச் சொன்னதை மறுத்தது நல்லதாயிற்று. பதிவுக்குச் செல்லும் தாய்லாந்து மொழி ஒப்பந்தமும் எங்களுக்குத் தந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒரு முக்கியமான இடத்தில் வேறுபட்டதை எங்கள் வழக்கறிஞர்தான் கண்டுபிடித்தார்: ஆங்கிலத்தில் புதுப்பித்தல் உரிமையாளரின் கடமை; தாய்லாந்து மொழியில் அது இரு தரப்பும் அப்போது பேசி முடிவு செய்ய வேண்டியது.

எங்கள் திருத்தப் பட்டியலில் அவர்கள் ஏற்றவை: கூட்டுக் குத்தகைதாரர், வாரிசுப் பிரிவு, எங்கள் பெயரில் கட்டட அனுமதி, பராமரிப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு. ஏற்காதவை: சப்-இங்-சித் பதிவு, 30 ஆண்டுக்கு மட்டும் பணம் என்ற விலைக் குறைப்பு. நான்காவது முறை கேட்ட பிறகு வந்த சனோட்டின் பின்பக்க நகலில், நிலம் ஒரு வங்கியில் அடமானத்தில் இருப்பது தெரிந்தது. வாங்குபவர்களின் தவணைகளைக் கொண்டு அதை மீட்கப் போவதாக விளக்கம் தந்தார்கள். அடமானம் முதலில் பதிவாகி, அதன் பின் வங்கியின் சம்மதமின்றி நம் உரிமை பதிவானால், கடன் நிலுவையாகும்போது வங்கியின் கையே ஓங்கும். அந்த நிலையில் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடமும் அத்தானிடமும் சொன்னேன், அவர்களும் கொடுக்கவில்லை. இப்போது அதே கரையில் ஆண்டு வாடகைக்கு ஒரு வீடு எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடமானம் மீட்கப்பட்டு, சூப்பர்ஃபிசீஸையாவது பதிவு செய்து, 30 ஆண்டுக்கு மட்டும் விலை பேச நிறுவனம் முன்வந்தால், வீட்டின் தரத்துக்காகவே இந்தத் திட்டத்தை மறுபடியும் பரிசீலிக்கலாம். இன்றுள்ள வடிவில் இதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.